ஹேங் கிளைடரில் ஒலி வேரியோ: காதை வைத்து ஏறுவது எப்படி

ஏறும், இறங்கும் வேகத்தை அளந்து சொல்லும் வேரியோமீட்டர், சுருக்கமாக வேரியோ, எதற்கு என்று, இறக்கைக்கு அடியில் தொங்கியபடி பறக்கும் ஹேங் கிளைடருக்குப் புதிதாக வருபவர்கள் கேட்பது வழக்கம். நம் உடம்புக்கு ஏறுவதும் இறங்குவதும் தெரியாது, அதற்குத்தான். லிஃப்ட் கிளம்பும்போதும் நிற்கும்போதும் வயிற்றில் ஒரு அசைவு தெரிகிறது, நடுவில் சீராக ஓடும்போது ஒன்றுமே தெரிவதில்லை இல்லையா, அதே கதைதான் ஆகாயத்திலும். உள்காது வேகத்தின் மாற்றத்தைத்தான் உணரும், சீரான வேகத்தை உணராது. மரங்கள் பக்கத்தில் இருக்கும் வரை கண் உதவும். தரை 400 மீட்டர் கீழே போன பிறகு, விநாடிக்கு ஒரு மீட்டர் ஏறுகிறோமா, ஒரு மீட்டர் இறங்குகிறோமா என்பதைப் பார்த்தே சொல்ல எவ்வளவு அனுபவம் இருந்தாலும் முடியாது.

பழைய விஷயம்தான் இது. 1920-களின் கடைசியில் ஜெர்மன் விமான வடிவமைப்பாளர் அலெக்ஸாண்டர் லிப்பிஷ் சொன்ன யோசனைப்படி ஆஸ்திரியக் கிளைடர் பைலட் ராபர்ட் க்ரோன்ஃபெல்ட் தன் கிளைடரில் வேரியோமீட்டரை வைத்துப் பறந்தார். மலைச்சரிவை ஒட்டியே பறந்துகொண்டிருந்தவர்கள் சரிவை விட்டு விலகி வெறும் ஏறுகாற்றை நம்பிப் போக ஆரம்பித்ததில் அந்தக் கருவிக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று அது சில பத்து கிராம் எடையில், திரைகூட இல்லாமல், ஹெல்மெட்டின் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. இந்தத் திரையில்லாத சின்ன வேரியோவை எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பெரிய திரை, வரைபடம், ஜிபிஎஸ் எல்லாம் வைத்திருப்பவர்களுக்கும் ஒலியைப் பற்றிய பகுதி அப்படியே பொருந்தும்.

முதலில் அது எதைக் கேட்டு நமக்குச் சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், பிறகு வரும் பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும். உள்ளே இருப்பது காற்றழுத்தத்தை அளக்கும் ஒரு சின்ன சென்சார். கடல்மட்டத்துக்கு அருகே ஏறத்தாழ 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். அப்படியானால் 10 சென்டிமீட்டர் ஏற்றத்துக்குக் குறைவது ஒரு பாஸ்கலைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். மொத்த அழுத்தமோ ஒரு லட்சம் பாஸ்கல். அந்த லட்சத்தில் ஒன்றைப் பிடிக்கப் போகும்போது இரைச்சலும் சேர்ந்தே வரும். அதை வடிகட்ட வேரியோ கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்கிறது. அழுத்த சென்சார் மட்டும் உள்ள மாடல்களில் இந்தத் தாமதம் ஒரு விநாடி, ஒன்றரை விநாடி என்று போகும். முடுக்கத்தை அளக்கும் சென்சாரையும் சேர்த்துக் கணக்குப் போடும் மாடல்களில் தாமதம் கிட்டத்தட்ட இல்லை. உங்களுடையது எந்த வகை என்று கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் எப்போது திரும்புவது என்பதே இதைப் பொறுத்து மாறும்.

பறப்பதற்கு முன் காதைப் பழக்குங்கள்

வீட்டிலேயே செய்யலாம். வேரியோவைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்காலிலிருந்து தலைக்கு மேல் வரை மெதுவாக, சீராக உயர்த்துங்கள். ஒரு மீட்டர் உயரத்தை ஒரு விநாடியில் கடந்தால் அது விநாடிக்கு ஒரு மீட்டர் ஏற்றம், மூன்று விநாடியில் கடந்தால் 0.3. ஏற்றம் கூடக் கூட பீப்பின் சுருதியும் உயரும், பீப்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும் குறையும். லிஃப்டில் போகும்போது சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள் (கூட வருபவர்கள் முறைப்பார்கள், பரவாயில்லை). எண் எண்ணாகப் பிரித்துக் கேட்கத் தேவையில்லை. சுமார், நல்லது, வேகமானது என்று மூன்று சத்தங்கள் யோசிக்காமலே தெரிந்தால் போதும். அதுகூட முதல் நாள் ஆகாயத்தில் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை.

எங்கே பொருத்துவது

ஹேங் கிளைடரில் இரண்டு இடம் உண்டு: கையால் பிடித்துக் கிளைடரை இயக்கும் கன்ட்ரோல் பாரின் குழாய், இல்லையென்றால் ஹெல்மெட். திரை உள்ளதைக் குழாயில் வைப்பது இயல்பு. திரையில்லாத சின்ன வேரியோவுக்கு ஹெல்மெட்தான் என் தேர்வு, காதுக்குப் பக்கத்தில் இருப்பதால் குறைந்த ஒலியிலேயே கேட்கும். காதுக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில், வெல்க்ரோவில் ஒட்டுங்கள். வெல்க்ரோ ஏன் என்றால், எங்காவது இடித்தால் அது பிய்ந்து வர வேண்டும், ஹெல்மெட்டை இழுத்துக் கழுத்தைத் திருப்பக் கூடாது. கூடவே ஒரு குட்டையான கயிறும் கட்டுங்கள், உயரத்திலிருந்து கழன்று விழுந்தால் கீழே இருப்பவர் தலைக்கு அது சின்னக் கருவி இல்லை. கயிறு நீளமாகத் தொங்கி ஹார்னஸில் (நம்மைக் கிளைடரில் தொங்கவிடும் பட்டை உடையில்) மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு காதில் ரேடியோ இருந்தால் வேரியோவை மறுபக்கம் வையுங்கள். காதை முழுக்க மூடும் ஹெல்மெட் என்றால் வாங்குவதற்கு முன்பே போட்டுப் பார்த்துவிடுவது நல்லது, அதோடு தரையில் அமைதியாக இருக்கும்போது காதைப் பிளக்கும் ஒலிகூட 60 கிலோமீட்டர் வேகக் காற்றில் சாதாரணமாகிவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, காற்று போகும் துளை. பெட்டியில் எங்கோ ஒரு சின்னத் துளை இருக்கும், அதன் வழியாகத்தான் சென்சார் அழுத்தத்தை உணர்கிறது. அதை டேப்பால் மூடாதீர்கள், மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் பையில் கட்டியும் வைக்காதீர்கள். அதே சமயம் துளை நேரே முன்னால் எதிர்காற்றைப் பார்த்தும் இருக்கக் கூடாது. விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டரில், எதிர்காற்று நேராக மோதினால் சுமார் 60 பாஸ்கல் கூடுதல் அழுத்தம் உண்டாகும். உயரக் கணக்கில் அது 5 மீட்டர். வேகத்தைக் கூட்டும்போது இல்லாத இறக்கத்தையும் குறைக்கும்போது இல்லாத ஏற்றத்தையும் வேரியோ சொல்லும். தலையைத் திருப்பினாலே பீப் வருகிறது என்றால் இதுதான் காரணமாக இருக்கும். இடத்தைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். சோலாரில் ஓடும் வகை என்றால், படுத்த நிலையில் பறக்கும்போது எந்தப் பக்கம் வெயிலைப் பார்க்கும் என்பதையும் யோசியுங்கள், நம் தலைக்கு மேலே முழுக்கப் பாய்மரத் துணிதான் நிழல் தருகிறது.

அமைப்புகளில் எதைத் தொடுவது

என் கருத்து நேரடியானது: வேரியோ எவ்வளவு குறைவாகப் பேசுகிறதோ அவ்வளவு பயன். எல்லாவற்றுக்கும் கத்தும்படி அமைத்தால் பத்து நிமிடத்தில் மூளை அதைக் கேட்பதை நிறுத்திவிடும்.

ஏற்ற ஒலி எங்கே தொடங்க வேண்டும் என்பதை விநாடிக்கு +0.1 அல்லது +0.2 மீட்டரில் வையுங்கள். இறக்க ஒலி, அந்த நீண்ட தாழ்ந்த ஊளை, அதில்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். ஹேங் கிளைடர் அசையாத காற்றிலேயே விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் இறங்கும், பாரை இழுத்து வேகமாகப் போனால் இரண்டு, இன்னும் அதிகம்கூட. −1.5-இல் ஊளையை வைத்தால் ஒரு தெர்மலிலிருந்து (வெயிலில் சூடாகி மேலெழும் காற்றுத் தூணிலிருந்து) அடுத்ததற்குப் போகும் வழி முழுக்க அது அழுதுகொண்டே வரும். −2.5 அல்லது −3 வையுங்கள், இல்லையென்றால் ஆரம்பத்தில் முழுக்க அணைத்துவிடுங்கள். சத்தம் இல்லை என்றால் ஏறவில்லை, அந்தத் தகவல் போதும்.

சில மாடல்களில் 'ஏறுகாற்றின் வாசனை பிடிக்கும்' வசதி ஒன்று இருக்கும். பெயர் ஒவ்வொரு கருவியிலும் வேறு, வேலை ஒன்றுதான். அசையாத காற்றில் −1 இறங்க வேண்டிய கிளைடர் −0.3 மட்டுமே இறங்குகிறது என்றால், சுற்றியுள்ள காற்று விநாடிக்கு 0.7 மீட்டர் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் ஏறவில்லை, ஆனால் பக்கத்தில் எங்கோ ஏதோ இருக்கிறது. இந்த வசதி அந்த இடத்தில் ஒரு மெல்லிய டிக் டிக் ஒலியைத் தரும். காற்று மென்மையாக இருக்கும் நாளில், தாழ்ந்துகொண்டே தேடும் நேரத்தில் அது தங்கம். குலுக்கல் அதிகமுள்ள நடுப்பகலிலோ அது ஓயாத தொணதொணப்பு. இரண்டையும் முயன்று பார்த்து நாளைப் பொறுத்து மாற்றிக்கொள்ளுங்கள். வடிகட்டும் அளவும் அப்படித்தான், குலுக்கும் நாளில் கொஞ்சம் கூட்டலாம், ஆனால் கூட்டினால் தாமதமும் கூடும்.

கிளம்பும்போது

ஹார்னஸை மாட்டுவதற்கு முன்பே வேரியோவை ஆன் செய்து முடித்துவிடுங்கள். மாட்டிய பிறகு, தொங்கிப் பார்த்துச் சரிபார்த்த பிறகு, அந்த மனநிலையைக் கலைக்கும் எந்தப் பொத்தானையும் தொடக் கூடாது. ஹார்னஸைக் கிளைடரில் கோக்காமலே ஓடிக் கிளம்பியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அந்தக் கதைகள் பெரும்பாலும் கடைசி நிமிடக் கவனச்சிதறலில்தான் தொடங்கும். முடுக்க சென்சார் உள்ள சில மாடல்களை ஆன் செய்ததும் சில விநாடிகள் அசையாமல் வைக்க வேண்டும், அதையும் அப்போதே செய்துவிடலாம். கிளம்புமிடத்தில் காற்று வீசும்போது சும்மா நிற்கையிலேயே அது அவ்வப்போது பீப் அடிக்கும், அதைக் கேட்டு 'தெர்மல் வந்துவிட்டது' என்று ஓட வேண்டாம். கயிற்றில் இழுத்து ஏற்றும் முறை என்றால் மேலே போகும் வரை விடாமல் கத்தும். கத்தட்டும், உங்கள் கவனம் இழுக்கும் கயிற்றிலும் முன்னால் போகும் விமானத்திலும் இருக்க வேண்டும்.

பீப் கேட்டதும் என்ன செய்வது

ஒன்றும் செய்யாதீர்கள், முதல் ஒரு விநாடிக்கு.

அந்த ஒரு விநாடியில் பீப் வந்த நேரத்தில் உங்கள் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று யோசியுங்கள். பாரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தீர்களா? அப்படியானால் அது உங்கள் சொந்த வேகம் உயரமாக மாறும் சத்தமாக இருக்கலாம். மணிக்கு 70 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருந்தவர் 35-க்குக் குறைத்தால், இழப்பை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், 14 மீட்டர் வரை மேலே போகலாம். ஏறுகாற்றே இல்லாமல் 14 மீட்டர்! பெரிய கிளைடர் விமானங்களில் இந்தப் பொய் ஏற்றத்தைக் கழிக்க மொத்த ஆற்றல் ஈடு என்ற ஏற்பாடு உண்டு, நம் சின்னப் பெட்டியில் பொதுவாக அது கிடையாது. ஆகவே கழிக்கும் வேலை நம்முடையது. வேகத்தைக் குறைத்ததால் வந்த பீப் சில விநாடிகளில் தானே செத்துவிடும். வேகம் சீரான பிறகும் தொடர்ந்தால்தான் அது நிஜம்.

நிஜமான தெர்மலில் நுழையும்போது வேரியோவுக்கு முன்பே கிளைடர் சொல்லிவிடும். மூக்கு லேசாக எழும், பாரில் இழுவிசை மாறும், அல்லது ஒரு இறக்கை மட்டும் தூக்கப்படும். எந்த இறக்கை தூக்கப்பட்டதோ அந்தப் பக்கம்தான் மையம், அந்தப் பக்கமே திரும்ப வேண்டும். சும்மா விட்டால் கிளைடர் எதிர்ப்பக்கம் நழுவும், பலரும் இப்படித்தான் தெர்மலிலிருந்து வெளியே தள்ளப்பட்டுவிடுகிறார்கள். இது வேரியோவால் சொல்ல முடியாத தகவல், அதற்கு ஏற்றம் தெரியும், பக்கம் தெரியாது.

எப்போது திரும்புவது? பீப் கூடிக்கொண்டே போனால் காத்திருங்கள், இரண்டு மூன்று விநாடி நேரே போங்கள், கூடுவது நின்றதும் திரும்புங்கள். தாமதம் உள்ள வேரியோ என்றால் உச்சத்தைக் கேட்கும்போதே அந்த இடத்தை 15 மீட்டருக்கு மேல் தாண்டிவிட்டிருப்பீர்கள், உடனே திரும்புவதுதான் சரி. தாமதம் இல்லாத வகை என்றால் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்.

மலைச்சரிவுக்குப் பக்கத்தில் இருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. எவ்வளவு இனிமையாகப் பீப் அடித்தாலும், சரிவிலிருந்து வெளிப்பக்கமாகத்தான் திரும்ப வேண்டும். போதிய உயரமும் இடைவெளியும் கிடைக்கும் வரை முழு வட்டம் கிடையாது, எட்டு வடிவில் போய் வந்துகொண்டிருங்கள். முழு வட்டத்தில் ஒரு பாதி நேரம் நீங்கள் மலையை நோக்கி, அதுவும் காற்று முதுகில் தள்ள, போய்க்கொண்டிருப்பீர்கள்.

வட்டத்தைத் தெர்மலுக்குள் நகர்த்துவது

இதுதான் உண்மையான வேலை, ஒலி வேரியோ முழுப் பலன் தருவதும் இங்கேதான். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 30 டிகிரி சாய்வில் சுற்றினால் ஒரு வட்டத்துக்குச் சுமார் 12 விநாடி, ஆரம் 20 மீட்டருக்குச் சற்று மேல். முதல் வட்டத்தில் எதையும் திருத்தாமல் சீரான சாய்வில், சீரான வேகத்தில் முழுக்கச் சுற்றி, காதால் ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள்: எந்தப் பக்கம் பீப் அடர்த்தி, எந்தப் பக்கம் மெலிவு, எங்கே மௌனம். சுற்று முழுக்க ஒரே மாதிரி கேட்டால் நீங்கள் மையத்தில் இருக்கிறீர்கள், எதையும் மாற்றாதீர்கள்.

ஒரு பக்கம் மெலிந்தால், மையம் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில். மெலிந்த இடத்திலிருந்து கால் வட்டம் திரும்பினால் மூக்கு மையத்தை நோக்கும், அங்கே சாய்வைக் குறைத்து ஒன்றிரண்டு விநாடி நேராக்கிவிட்டு மீண்டும் சுற்றுக்குள் போங்கள். இங்கேதான் தாமதம் விளையாடும். 12 விநாடி வட்டத்தில் ஒன்றரை விநாடி என்பது 45 டிகிரி, அதாவது அரைக்கால் வட்டம். மெலிவு காதில் விழும்போதே கால் வட்டத்தில் பாதியைக் கடந்துவிட்டீர்கள். ஹேங் கிளைடரோ உடலை நகர்த்தியதும் சாய்வை மாற்றுவதற்குத் தனக்கென்று ஒரு நேரம் எடுத்துக்கொள்ளும். ஆக, பழைய வகை வேரியோவில் மெலிவைக் கேட்டுச் சின்ன இடைவெளி விட்டதும் சாய்வைத் தளர்த்த ஆரம்பித்துவிட வேண்டும். இந்தக் கணக்குப் புரியாமல் தவறான திசையில் வட்டத்தை நகர்த்திவிட்டு 'தெர்மல் உடைந்துபோச்சு' என்பவர்கள் நிறைய.

பீப் கூடினால் சாய்வைக் குறை, குறைந்தால் கூட்டு என்று ஒரு விதி உண்டு, அதற்கு நேர் எதிராகச் சொல்பவர்களும் உண்டு. இரண்டுமே வேலை செய்யும், ஆனால் இரண்டையும் ஒரே வட்டத்தில் கலக்கக் கூடாது. ஒவ்வொரு பீப்புக்கும் கையை ஆட்டுபவருக்கு எந்த விதியும் உதவாது. வட்டத்துக்கு ஒரு திருத்தம், அதுவும் சின்னதாக.

திரை இல்லாததால் சராசரி ஏற்றம் தெரியாதே என்று கேட்கலாம். உயரம் காட்டும் ஒரு கைக்கடிகாரமோ வேறு கருவியோ இருந்தால் ஒரு நிமிடத்தில் 60 மீட்டர் ஏறினால் விநாடிக்கு 1 மீட்டர் என்று பார்த்துக்கொள்ளலாம். பாதி வட்டம் பலமாகப் பீப் அடித்து மறுபாதி மௌனமாக இருக்கும் தெர்மல், காதுக்குப் பிரமாதமாகத் தோன்றும், நிமிடக் கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் ஏமாற்றும்.

கண் வெளியே இருக்க வேண்டும். ஒலி வேரியோவின் முழு நோக்கமும் அதுதான். ஏற்கெனவே ஒருவர் சுற்றிக்கொண்டிருக்கும் தெர்மலில் நுழைந்தால் அவர் சுற்றும் திசையில்தான் நீங்களும் சுற்ற வேண்டும், உங்களுக்கு இடது கை வசதியா வலது கை வசதியா என்பது அங்கே செல்லாது.

எப்போது பீப்பை நம்பக் கூடாது

மேகத்தின் அடிப்பகுதியை நெருங்கும்போது. திரண்ட மேகங்களுக்கு அடியில் ஏற்றம் குறையாமல் கூடிக்கொண்டே போகலாம், கருவி மிக இனிமையாகப் பாடும் இடம் நீங்கள் விட்டு விலக வேண்டிய இடமாக இருக்கலாம். 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லா அருகே பாராகிளைடரில் பறந்த எவா விஸ்னியெர்ஸ்காவை இடிமேகம் ஒன்று 9,900 மீட்டருக்கு மேல் இழுத்துக்கொண்டு போனது. அவர் உயிர் பிழைத்தார், அதே நாளில் அதே மேகத்தில் சிக்கிய இன்னொருவர் பிழைக்கவில்லை. ஹேங் கிளைடருக்கு வேகம் அதிகம் என்பது சிறு ஆறுதல், முன்கூட்டியே விலகினால் மட்டும். நேரே பறந்தாலும் பீப் நிற்கவில்லை, சுற்றவே இல்லை, ஆனாலும் ஏறிக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால் அது கொண்டாட வேண்டிய செய்தி அல்ல. பாரை இழுத்து மேகத்தின் ஓரத்தை நோக்கிப் போங்கள்.

ஊளை நீண்டுகொண்டே போனால் நேர்மாறு. இறங்குகாற்றில் மெதுவாகப் பறந்து உயரத்தைக் காப்பாற்றலாம் என்று நினைப்பது வீண், வேகத்தைக் கூட்டி அதிலிருந்து சீக்கிரம் வெளியேறுங்கள். ஆனால் இறங்கும் இடத்தை எட்ட முடியுமா என்ற கணக்கு முதலில், அடுத்த தெர்மல் அதற்கு அப்புறம்.

இறங்குவதற்கான சுற்றைத் தொடங்கியதும் வேரியோவை மறந்துவிடுங்கள். முடிந்தால் ஒலியைக் குறைத்துவிடுங்கள், ஆனால் தாழ்வாக இருக்கும்போது ஒரு கையை எடுத்துப் பொத்தான் தேடுவதைவிட அது கத்திக்கொண்டிருப்பதே மேல். 50 மீட்டரில் ஒரு பீப் கேட்டு, சரி இன்னும் ஒரு சுற்று பார்க்கலாம் என்ற ஆசை வரும். வேண்டாம். கடைசியில் பாரைத் தள்ளி நிறுத்தும்போதும் ஒரு பீப் வரும், அது முன்பு சொன்ன பொய் ஏற்றம்தான்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. துளையில் தூசி அடையாமல் பாருங்கள், நனைந்தால் தானாக உலர விடுங்கள், துளைக்குள் குச்சி விட்டுக் குடைய வேண்டாம். மூடிய காருக்குள் வெயிலில் போட்டு வைக்காதீர்கள், பேட்டரி வீணாகும். உயரத்தில் குளிரும் பேட்டரியைச் சோர்வடைய வைக்கும், ஏறத்தாழ ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் 6 முதல் 10 டிகிரி வரை வெப்பம் குறையும், அதனால் நீண்ட பறத்தலுக்கு முழு சார்ஜோடு கிளம்புங்கள். வண்டியில் மலைக்குத் திரும்பி ஏறும்போது அணைக்க மறந்தால் மேலே போய்ச் சேரும் வரை பீப் அடித்துக்கொண்டே வரும்.